ஒரு புள்ளி செய்த வேலை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் சங்கச் செயலாளர் போன் செய்து, "பத்து நிமிஷம் உங்க வேலையைப் பத்திப் பேசுங்க" என்றார். "பழைய மழைக்கணக்கைச் சேகரிச்சு, சரி பார்க்கிறதுதான் சார் என் வேலை" என்றேன். "அதுல பேசறதுக்குப் பத்து நிமிஷத்துக்கு விஷயம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்று காட்டவே வந்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேச வருகிறவனுக்கு உள்ள ஆபத்தும் எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு பாவமன்னிப்பு. நம் ஹைட்ராலிக்ஸ் லேபுக்குப் பின்னால், கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி இருந்ததை என் செட் நண்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேலே 127 மில்லிமீட்டர் விட்டமுள்ள புனல், உள்ளே ஒரு பாட்டில். தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து நோட்டில் எழுத வேண்டும். மூன்றாம் ஆண்டில் அந்த வேலை என் முறைக்கு வந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் பதினாறு நாள் கழித்துத் திரும்பினேன். நோட்டில் பதினாறு நாளுக்கும் ஒரே மூச்சில் பூஜ்யம் போட்டுவிட்டேன். பேராசிரியர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, பதினாறு நாளும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. நடுவுல ரெண்டு நாள் ஹாஸ்டல் வாசல்ல முழங்கால் தண்ணி நின்னுச்சே, அது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"பூஜ்யம்னா மழை இல்லைன்னு நீ சாட்சி சொல்றே. பார்க்கலைன்னா கட்டத்தைக் காலியா விடு. காலியிடம் பொய் சொல்லாது" என்றார். பத்து வருஷத் தொழிலில் இதைவிடப் பெரிய பாடம் எதையும் நான் படிக்கவில்லை.

மழை அளப்பது நமக்குப் புதிதல்ல. முற்றத்து ஆட்டுக்கல் குழி நிரம்பினால் நல்ல உழவு மழை என்பார் என் அப்பத்தா. அர்த்தசாஸ்திரத்திலேயே, தானியக் களஞ்சியத்தின் முன் பாத்திரம் வைத்து மழை அளக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. சென்னையில் வானாய்வகம் 1792-இல் கட்டப்பட்டது. அங்கே 1813 முதல் மழைக்கணக்கு கிடைக்கிறது. இந்திய வானிலைத் துறை 1875-இல் வந்தது. ஆக, நம்மிடம் தாத்தா பாட்டன் காலத்துச் சொத்து இருக்கிறது. ஆனால் சொத்துப் பத்திரத்தில் வில்லங்கம் பார்ப்பது போல இதிலும் பார்க்க வேண்டும்.

என்னென்ன வில்லங்கம்? ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பூஜ்யம், திங்கட்கிழமை மட்டும் கனமழை என்று ஒரு நிலையத்துக் கணக்கு சொல்லும். வருண பகவான் வாரவிடுமுறை எடுப்பதில்லை. ஆள் வரவில்லை, அவ்வளவுதான். இரண்டு நாள் தண்ணீர் ஒரே நாளில் ஏறிவிட்டது. இன்னோர் இடத்தில் காலை 8.30-க்கு அளந்ததை அன்றைய தேதியில் எழுதாமல் முதல் நாள் தேதியில் எழுதியிருப்பார்கள். பக்கத்து ஊரோடு ஒப்பிட்டால் மழை ஒரு நாள் முன்னதாகவே வந்தது போலத் தோன்றும். பழைய பதிவேடுகள் அங்குலக் கணக்கில் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். மாற்றியவர் ஒரு பக்கத்தை மாற்றி, அடுத்த பக்கத்தை விட்டிருப்பார். இன்னும் ஒன்று: 200 சதுர சென்டிமீட்டர் வாயுள்ள மழைமானிக்கு 100 சதுர சென்டிமீட்டருக்கான அளவுக்குடுவையை வைத்து அளந்தால், பெய்ததைப்போல இரண்டு மடங்கு காட்டும். குடுவை உடைந்து, கிடைத்ததை வாங்கி வைத்த கதை இது!

மரமும் கணக்கைக் கெடுக்கும். நட்டபோது இடுப்பளவு இருந்த வேப்பங்கன்று இருபது வருஷத்தில் மழைமானிக்குக் குடை பிடிக்கும். ஒரு தடையின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி மழைமானி இருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கத்தான் நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த 'டபுள் மாஸ் கர்வ்' உதவுகிறது. சுற்றியுள்ள நிலையங்களின் சராசரி மழையை வருஷம் வருஷமாகக் கூட்டிக்கொண்டே போய் ஒரு அச்சிலும், நம் நிலையத்தின் மழையை அதே போலக் கூட்டி மறு அச்சிலும் வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். கோடு எங்கே வளைகிறதோ, அந்த வருஷத்தை ஒட்டி ஏதோ நடந்திருக்கிறது. ஒரு முறை கோடு வளைந்த வருஷத்தை விசாரித்தபோது, "சைக்கிள் ஷெட் கட்டினோம் சார், மழைமானியைப் பின்பக்கம் மாத்தி வெச்சோம்" என்றார்கள்.

இனி, நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

தென் மாவட்டம் ஒன்றில் ஒரு கண்மாயின் மறுகாலைத் திருத்திக் கட்டும் திட்டம். எவ்வளவு வெள்ளம் வரும் என்று கணக்கிட, நாற்பது வருஷ மழைக்கணக்கைச் சேகரித்தோம். எனக்கு வந்தது தட்டச்சு செய்த பிரதி. அதில் தொண்ணூறுகளில் ஒரு நவம்பர் நாளுக்கு 312 மி.மீ. என்றிருந்தது. அக்கம்பக்கத்து நிலையங்களில் அன்று 58, 44 என்றுதான் இருந்தது. நம் ஆள் புள்ளியை விட்டுவிட்டார், இது 31.2 என்று முடிவு கட்டினேன். கம்ப்யூட்டரும் தலையாட்டியது. புள்ளி வைத்தேன். எல்லாம் அழகாகப் பொருந்தியது.

என் மேலதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மூலப் பதிவேட்டைப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. மறுநாள் பஸ் பிடித்துப் போனேன். பழைய பீரோவின் அடித்தட்டில் பதிவேடு கிடைத்தது. அந்தப் பக்கம் தண்ணீர் பட்டு மை கலங்கியிருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில் நான்கு வரிகள்: இரவு 9 மணி 68.4, 12 மணி 92.6, விடிகாலை 4 மணி 97.0, காலை 8.30 மணி 54.0. கூட்டிப் பார்த்தேன். சரியாக 312.0.

அளந்தவர் ஓய்வு பெற்று அதே ஊரில்தான் இருந்தார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். "பாட்டில்ல நூறு மில்லிக்கு மேல கொள்ளாது தம்பி. வழிஞ்சு போனா கணக்குப் போயிரும்ல. அதான் சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு, அரிக்கேன் விளக்கோட ராத்திரி பூரா போயிப் போயி அளந்தேன். விடியக்காலம் மறுகாலுக்கு மேல தண்ணி போச்சு. கரை உடைஞ்சுரும்னு ஊரே மேட்டுல ஏறி நின்னுச்சு" என்றார். பிறகு, "ஏன் தம்பி, அந்தக் கணக்கு சரியாயில்லையா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒருவர் ஓர் இரவு முழுக்க நனைந்து எழுதியதை, நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரே புள்ளியில் அழித்திருக்கிறேன். என் கணக்குப்படி கட்டியிருந்தால் மறுகாலின் நீளம் குறைந்திருக்கும். அதே போல் இன்னோர் இரவு வந்தால் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் போயிருக்கும். "சரியாத்தான் இருக்கு ஐயா. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கணக்கைத் திருத்தினோம், மறுகாலை நீட்டித்தோம்.

நம்ப முடியாத எண் எல்லாம் பொய் அல்ல. 2023 டிசம்பர் 18 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. தமிழ்நாட்டின் ஓராண்டுச் சராசரியே சுமார் 92 செ.மீ.தான்! தனியாகப் பார்த்தால் எந்தக் கம்ப்யூட்டரும் அதைத் தள்ளிவிடும். ஆனால் அன்று திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. அக்கம்பக்கம் சாட்சி சொன்னது. என் கண்மாய்க் கதையிலோ அக்கம்பக்கம் சாட்சி சொல்லவில்லை, பதிவேட்டின் ஓரம் சொன்னது. ஆகவே சந்தேகப்படுங்கள், ஆனால் விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். திருத்தினால் பக்கத்தில் தனிக் கட்டத்தில் எழுதுங்கள், காரணத்தையும் எழுதுங்கள். மூலத்தை மட்டும் தொடாதீர்கள்.

இப்போதுதான் தானியங்கி மழைமானி வந்துவிட்டதே என்று தம்பிகள் கேட்கலாம். நல்ல கருவிதான். ஆனால் புனலில் காக்கை எச்சம் அடைத்தாலும், உள்ளே சிலந்தி வலை பின்னினாலும் அது கவலையில்லாமல் பூஜ்யம் அனுப்பும், நான் தீபாவளிக்கு அனுப்பியது போல! எட்டிப் பார்க்க ஓர் ஆள் எப்போதும் தேவை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று காலை ஹைட்ராலிக்ஸ் லேபுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வேலி சாய்ந்திருக்கிறது, புனலைக் காணோம். புது மழைமானியும் வேலியும் எங்கள் செட் சார்பில் போட்டுத் தருகிறோம். மேடையிலேயே சொல்லிவிட்டேன், நண்பர்கள் பின்வாங்க முடியாது. தினமும் 8.30 மணிக்குப் போய்ப் பார்ப்பது மாணவர்களாகிய உங்கள் பொறுப்பு. முப்பது வருஷம் கழித்து உங்களில் ஒருவர் இந்த மேடையில் நின்று அந்த நோட்டை விரித்துக் காட்ட வேண்டும்.

போக முடியாத நாளில் மட்டும், தயவு செய்து, கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.