எழுத்து நம் கண்ணுக்கு இணங்கட்டும்



ஓய்வூதியம், உதவித்தொகை எல்லாம் இன்று கைபேசியில்தான். கண்புரை உள்ள நம் நன்னா, நன்னிமார் எழுத்துத் தெரியாமல் ஓடிபி எண்ணைக்கூடப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே போய் ஃபான்ட் சைஸைக் கூட்டிப் பாருங்கள். வெள்ளைத் திரை கண் கூசுகிறவர்களுக்கு டார்க் மோடு உண்டு.

ஆனால் இணையப் பக்கத்தைச் செய்தவர் எழுத்தளவைப் பூட்டிவைத்தால் நம் செட்டிங் எடுபடாது. எழுத்து இருமடங்கானாலும் பக்கம் குலையக் கூடாது; எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 வேண்டும் என்பது உலக அளவுகோல். ஜவ்வாது மலையில் சிக்னல் தேடி மேட்டில் வெயிலில் நிற்பவருக்கு, வெளிறிய சாம்பல் எழுத்து நல்ல கண்ணுக்கே தெரியாதே! டிஜிட்டல் சேவைகளை எட்டுவது வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 30-4-2025 அன்று தீர்ப்பளித்தது. ஆகவே தயங்காமல் கேட்கலாம்.

நம் வீட்டையும் பார்ப்போம். பச்சையில் மஞ்சள் எழுத்துப் போட்டுப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பும் அறிவிப்புக்கு எந்த ஃபான்ட் செட்டிங்கும் எட்டாது. இனி மருத்துவ முகாம் அறிவிப்புகளைப் படத்தோடு சேர்த்து, தட்டச்சு செய்தும் அனுப்புவோம். செட்டிங் மாற்றத் தெரியாதவர்கள் போனை அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் கண்ணெதிரிலேயே மாற்றித் தருகிறோம்.