ஒளியும் நிழலும் வீடும்

நண்பகல் வேளையில் திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த தெருக்களில் நடப்போர் நிழல் விழும் பக்கத்தையே நாடிச் செல்வர். கடல்நீரிலும் மணலிலும் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசச் செய்யும். ஒளி இவ்வளவு மிகுந்த ஊரில் ஒரு வீட்டை எவ்வாறு அமைத்தல் வேண்டும்? கடன்பட்டு வீடு கட்டும் ஒவ்வொரு குடும்பத்தையும் தொடும் வினா இது.

நவீன கட்டடக்கலை ஐரோப்பாவில் வளர்ந்தது. அங்கே குளிர்காலம் நீண்டது. அக்காலத்தில் சூரியன் தாழ்ந்தே செல்லும். இரும்புத் தூண்களும் கொங்கிறீற்றுத் தூண்களும் கூரையின் பாரத்தை ஏற்றுக்கொண்டமையால், சுவர் பாரந்தாங்கும் தொழிலினின்று விடுபட்டது. அதன் இடத்தில் கண்ணாடி வந்தது. வெயிலுக்கு ஏங்கிய மக்களுக்கு அது பெரும்பேறு. அதே கண்ணாடிச் சுவர் திருகோணமலையில் மேற்கு நோக்கி நிற்குமாயின், மாலையில் அறை அடுப்பாகிவிடும்.

இதனைக் கணக்கிட்டே காணலாம். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 8½ பாகையில் உள்ளது திருகோணமலை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒருமுறையும், ஆவணி நடுவில் ஒருமுறையும் நண்பகற் சூரியன் தலைக்கு நேரே வருகின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்தும், ஏனைய மாதங்களில் தெற்கே சாய்ந்தும் செல்லும். 8 அடி உயரத்திலுள்ள கூரை விளிம்பு தெற்குப் பக்கத்தில் 5 அடி நீண்டிருப்பின், மார்கழி மாதத்து நண்பகல் வெயிலும் சுவரைத் தீண்டாது. வடக்குப் பக்கத்தில் 2 அடிக்குச் சற்று மேல் போதும். கிழக்கிலும் மேற்கிலுமோ, காலை மாலைக் கதிர்கள் தாழ்வாக நுழைதலால், எத்தாழ்வாரமும் அவற்றை முற்றாகத் தடுக்காது. ஆதலின் வீட்டின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்குதல் நன்று. மேற்கே ஒரு விறாந்தையோ மரமோ நிற்றல் வேண்டும்.

முன்னோர் அனுபவத்தால் இதனை அறிந்திருந்தனர். நாற்சார் வீட்டின் நடுமுற்றம் வானத்து ஒளியைப் பெற்று, தாழ்வாரத்தின் நிழல் வழியே தணித்து, அறைகளுக்கு அனுப்பும். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழும்.

சட்டம் பயின்றபின், 1957ஆம் ஆண்டில் தம் 38ஆவது வயதிற் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்ற ஜெஃப்றி பாவா, இம்முற்றத்தை நவீன கட்டடக்கலைக்கு மீட்டுத் தந்தவர்களுள் ஒருவர். அக்காலக் கொழும்பில் காணியின் நடுவே வீடும் சுற்றிலும் தோட்டமும் அமைப்பதே வழக்கம். 1960 தொடக்கம் 1962 வரை ஈனா டி சில்வாவுக்கு அமைத்த இல்லத்தில் பாவா அவ்வழக்கத்தை மாற்றினார். சுவரை எல்லைக்குத் தள்ளி, முற்றத்தை நடுவில் வைத்தார். நகரத்துக் காணியிலும் காற்றோட்டமும் தனிமையும் ஒருங்கே கிட்டின.

அவ்வாறாயின் கொங்கிறீற்று விலக்கத்தக்கதோ? அன்று. தம்புள்ளைக்கு அருகே பாவா அமைத்த கண்டலமை விருந்தகம் கொங்கிறீற்றுச் சட்டத்தின்மீது நிற்பது. அதன் கூரையும் தட்டையானதே. ஆயினும் கூரைமேல் செடிகள் வளர்கின்றன. வெளிப்புறத்தை மரச்சட்டங்களும் கொடிகளும் மூடியுள்ளன. இலைகளினூடே வடிந்த ஒளியே உள்ளே வந்து சேர்கின்றது. பொருள் ஒன்றேயாயினும், அதனைக் கையாளும் முறையில் நன்மையும் தீமையும் விளைகின்றன.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2009இற் போர் முடிந்த பின்னரும் திருகோணமலை மாவட்டத்திற் புதிய வீடுகள் பல எழுந்தன. நிழலற்ற தட்டைக் கொங்கிறீற்றுக் கூரை பகலெல்லாம் வெப்பத்தை உண்டு, இரவில் அதனைக் கீழே விடும். கச்சான் வீசும் மாதங்களில் அத்தகைய அறையில் விளக்கடியிற் படிக்கும் பிள்ளையும், உறக்கமின்றிப் புரளும் முதியவரும் படும் துன்பம் ஒருநாள் துன்பமன்று. வீடு நிற்கும் காலமெல்லாம் தொடர்வது.

தாழ்வாரத்தை இரண்டடி நீட்டுவதற்கும் யன்னலைத் திசை மாற்றி வைப்பதற்கும் பெருஞ்செலவு ஆவதில்லை. அத்திவாரம் வெட்டுமுன் வெறுங்காணியில் ஒருநாள் நின்று, காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் வெயில் எங்கே விழுகின்றது, காற்று எத்திசையிலிருந்து வருகின்றது என்று பார்த்தல் வேண்டும். அவ்வொருநாட் பொறுமை அங்கே வாழவிருக்கும் இரண்டு மூன்று தலைமுறைக்கு நிழலாக நிற்கும்.