கார்த்திகையில் வீடு பாருங்கள்

வாடகை வருமே என்று இரண்டாவது வீடு வாங்க நினைப்பவர்கள் வடசென்னையின் சடையங்குப்பம் பக்கமும் விசாரிக்கிறார்கள். மணலி தொழிற்சாலைகள் பக்கத்தில்தான். குடிவர ஆள் கிடைக்கும். ஆனால் பூண்டி ஏரியைத் திறந்துவிட்டால் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் இந்தப் பக்கம்தான் பாயும். 2021 நவம்பரில் அதுதான் நடந்தது.

சித்திரை வெயிலில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கார்த்திகை மழையில் போங்கள். சுவரில் தண்ணீர்க் கறை எவ்வளவு உயரம்? மின்மீட்டர் அதற்கு மேலா, கீழா? தரகரை விட்டுவிட்டு, அங்கே குடியிருக்கும் அம்மாவிடம் கேளுங்கள். வில்லங்கச் சான்றிதழில் வெள்ளம் தெரியாது.

வாங்கி வாடகைக்கு விட்ட பிறகு வெள்ளம் வந்தால், வீட்டுக்காரருக்கு ஒரு மாத வாடகை போகும்; குடியிருப்பவருக்குக் கட்டில், பீரோ, பிள்ளைகளின் புத்தகம் எல்லாமே போகும். அதனால் முதலில் தரையை உயர்த்துங்கள். வாடகை ஒப்பந்தத்தை தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி பதிவு செய்யுங்கள். மழையில் பழுதானால் யார் சரிசெய்வது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.