சாவியும் ஓர் அமானிதமே!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

படிப்பைப் பாதியில் நிறுத்திய நம் பிள்ளையிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டால், "பாஸ்போர்ட் எடுத்தாச்சு பாய்" என்கிறான். கையில் தொழில் இல்லாமல் விமானம் ஏறுபவனுக்கு அங்கே என்ன கிடைக்கும்? மூட்டை தூக்கும் வேலைதான். எனவே, உள்ளூரிலேயே சோறு போடும் ஒரு சிறு தொழிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பூட்டு பழுது பார்ப்பதும் சாவி போடுவதும்தான் அது.

சிரிக்காதீர்கள்! தாவூத் நபிக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்து, கவசம் செய்யப் பணித்ததை அல்குர்ஆன் (34:10,11) கூறுகிறது. அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்தது புகாரியில் பதிவாகியுள்ளது. அரசாண்ட நபிக்கு இல்லாத கௌரவக் குறைச்சல், அரம் பிடிக்க நமக்கு ஏன்? எழுத்துகளைச் சரியாகச் சேர்த்தால் சாவியின்றித் திறக்கும் பூட்டை 1206-லேயே தம் நூலில் விளக்கியவர் அல்ஜஸரி என்ற முஸ்லிம் பொறியாளர்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அலிகரிலிருந்து வரும் விலை மலிவான இயந்திரப் பூட்டுகளின் போட்டியில் அங்கே பட்டறைகள் குறைந்துவிட்டன. பூட்டு செய்து விற்பது கடினம்தான். ஆனால் பூட்டு எந்த ஊரில் தயாரானாலும், சாவி தொலைவது நம் தெருவில்தானே!

வாலிபர்களே! முதலில் இரண்டு வகைப் பூட்டுகளைப் புரிந்துகொள்ளுங்கள். ஒன்று லீவர் பூட்டு. உள்ளே தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் உரிய உயரத்திற்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். மற்றொன்று சிலிண்டர் பூட்டு. அதில் ஸ்பிரிங் தள்ளும் சிறு பின்கள் இருக்கும். சாவியின் வெட்டுகள் அவற்றைச் சரியான கோட்டில் நிறுத்தினால்தான் உருளை சுழலும். பழைய பூட்டுகள் பத்து வாங்கிப் பிரித்து, மீண்டும் பூட்டிப் பழகுங்கள். வைஸில் இறுக்கி, அரத்தால் கையாலேயே சாவி வெட்டக் கற்றுக்கொண்ட பிறகு மெஷினுக்குப் போங்கள். சிலிண்டர் பூட்டில் கண்ட எண்ணெயை ஊற்றாதீர்கள். தூசி ஒட்டி இறுகும். கிராபைட் தூள் போதும். சிப் பொருத்திய கார் சாவிக்குத் தனிக் கருவியும் பயிற்சியும் வேண்டும். அது அடுத்த படி.

இரவில் வீட்டுக்கு வெளியே நிற்பவரின் தவிப்பைக் காசாக்காதீர்கள். கூலியை முன்பே சொல்லுங்கள். திறக்கக்கூடிய பூட்டை உடைத்துவிட்டுப் புதுப் பூட்டைத் தலையில் கட்டுவது மோசடி. அந்தக் காசு ஹலால் ஆகாது.

இந்தத் தொழிலின் உண்மையான முதலீடு நம்பிக்கைதான். ஹிஜ்ரி 8-ல் மக்கா வெற்றியின்போது கஃபாவின் சாவி நபி (ஸல்) அவர்களின் கைக்கு வந்தது. அந்தப் பொறுப்பைத் தம் குடும்பத்தாரே விரும்பிக் கேட்டும், அதை வழிவழியாக வைத்திருந்த உஸ்மான் பின் தல்ஹாவிடமே நபியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்கச் சொல்லும் 4:58 வசனத்தின் பின்னணியாக விரிவுரையாளர்கள் இதைக் குறிப்பிடுகின்றனர். அந்தச் சாவி இன்றும் அதே வம்சத்தாரிடம் இருக்கிறது!

ஆகவே, சோப்பில் பதித்த அச்சைக் கொண்டு வருபவருக்குச் சாவி போடாதீர்கள். வீட்டைத் திறக்கக் கூப்பிட்டால் அடையாள அட்டையைப் பாருங்கள், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், நோட்டில் பெயரெழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்களிடம் ஒரு பிரதிகூடத் தங்கக் கூடாது.

நம் இளைஞன் மீது சந்தேகப் பார்வை எளிதில் விழும் காலம் இது. வாடகைக்கு வீடு கேட்டால் பெயரைக் கேட்டதும் கதவை மூடுகிறார்கள். அதே தெருவில் ஒரு மாற்றுமதச் சகோதரர் தன் பீரோ சாவியை நம் பிள்ளையிடம் நம்பிக் கொடுத்தால், நாம் போடும் நூறு மேடைகள் அதற்கு ஈடாகுமா?

வணிகப் பெருமக்களே! உங்கள் கடை வாசலில் நாலடி இடம் கொடுங்கள். மெஷின் வாங்க வட்டியில்லாக் கடன் கொடுங்கள். ஜமாஅத்தின் பைத்துல்மாலும் இதற்குக் கை கொடுக்கட்டும். ஒருமுறை அரிசி கொடுத்தால் ஒரு மாதம் ஓடும். தொழில் கொடுத்தால் ஒரு குடும்பமே தலை நிமிரும்.

நம் உழைப்பிலும் நாணயத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! வஸ்ஸலாம்.