குப்பைமேட்டுக்குள் தண்ணீர் விடும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

(வார்டு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குப்பைமேட்டுக்குள்ள குழாய் பதிச்சு தண்ணி விடுவாங்கன்னு சொன்னா நம்புவீங்களா? உலகத்தில் பல ஊர்களில் விடுகிறார்கள். பயோரியாக்டர் குப்பைக்கிடங்கு என்று அதற்குப் பெயர். காய்ந்த குப்பை மக்கப் பல பத்தாண்டுகள் ஆகும்; ஈரம் கிடைத்தால் சீக்கிரம் மக்கும், மீத்தேன் வாயுவும் கிடைக்கும். அதனால் அடியில் வடியும் கசிவுநீரையே பம்ப் வைத்து மறுபடி உள்ளே செலுத்துகிறார்கள்.

நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் தப்பா செஞ்சா என்ன ஆகும்? 1997 செப்டம்பர் 27. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா, டோன்யா ஹுவானா கிடங்கு. உள்ளே செலுத்திய கசிவுநீர் வடியாமல் அழுத்தமாகத் தேங்கியது. ஏறத்தாழ 8 லட்சம் கன மீட்டர் குப்பை சரிந்து வந்தது.

நம்ம ஊருக்கு இப்படி ஒரு திட்டம் வந்தா, ஒப்பந்தப்புள்ளி விடுறதுக்கு முன்னாடியே இந்த அஞ்சு கேள்வியைக் கேளுங்க.

1. அடியில் என்ன இருக்கு?
1.5 மி.மீ. எச்.டி.பி.இ. விரிப்பு, அதன் கீழே 90 செ.மீ. களிமண் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. அடிவிரிப்பே இல்லாத பழைய குப்பைமேட்டில் தண்ணி விட்டால், அது நிலத்தடி நீருக்குத்தான் இறங்கும். நம்ம போர் தண்ணி போச்சு.

2. எவ்வளவு தண்ணி?
25 சதவீத ஈரமுள்ள 1 டன் குப்பையை 40 சதவீதத்துக்குக் கொண்டுவர 250 லிட்டர் வேண்டும். 1 லட்சம் டன்னுக்கு இரண்டரைக் கோடி லிட்டர்! நம்ம ஊர்க் குப்பையில் சமையல் கழிவு அதிகம். வரும்போதே ஈரமாத்தான் வருது. வெளிநாட்டுக் கணக்கை அப்படியே போட்டால் குப்பை சேறாகிவிடும்.

3. கடைமடைக்குத் தண்ணி போகுதா?
விவசாயிக்கு இது புரியும். துளை பெரிசா இருந்தா தலைப்பிலேயே எல்லாம் கொட்டிடும். சொட்டுநீர்க் குழாய் மாதிரி, குழாய் பெரிசா, துளை சின்னதா இருந்தாத்தான் கடைசித் துளை வரைக்கும் சமமாப் பாயும். குழாயைச் சுற்றி ஜல்லி நிரப்ப வேண்டும்.

4. சரிவுக்கு எவ்வளவு தள்ளி?
மேட்டின் ஓரத்தில் குழாய் போட்டால் பக்கவாட்டில் கசியும், சரிவு பலமிழக்கும். கீழே இருப்பது நம்ம வீடுகள். சரிவு தாங்குமா என்ற கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

5. போட்ட பிறகு யார் பார்ப்பது?
மக்க மக்க மேடு அமுங்கும். குழாய் தொய்யும், இணைப்பு விட்டுப்போகும். சுண்ணாம்புப் படிவு துளைகளை அடைக்கும். கழுவிவிட வாய் வைத்திருக்கிறார்களா? உள்ளே நீரழுத்தம் அளக்கக் கருவி உண்டா? அளவு மீறினால் பம்பை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? எப்போதும் ஊற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. விட்டு விட்டுத்தான் செலுத்த வேண்டும்.

இதெல்லாம் என்ஜினியர் விஷயம், நமக்கு எதுக்குன்னு இருந்துடாதீங்க. வரைபடம் போடுறவர் அங்கே குடியிருக்கப் போறதில்லை, நாமதான் குடியிருக்கோம். அடுத்த வார்டு கூட்டத்துக்கு இந்த 5 கேள்விகளையும் எழுதி எடுத்துட்டு வாங்க. பதிலை எழுத்தில் வாங்குவோம்.