தேர்வுரிமை நோயாளிக்கா, காப்பீட்டாளருக்கா?



பொது மருத்துவக் காப்பீட்டில் போட்டியைப் புகுத்தினால் நோயாளிக்குத் தேர்வுரிமை தானே வந்து சேரும் என்று வாதிடுவோர் தவறாமல் சுட்டுகின்ற நாடு நெதர்லாந்து. அந்நாட்டின் அனுபவத்தை ஆராய்வோருக்கு, அவ்வாதம் இருவேறு தேர்வுகளை ஒன்றெனக் காட்டுவது விளங்கும். நலமாயிருப்பவர் காப்பீட்டு நிறுவனத்தைத் தேர்வது ஒன்று; நோயுற்றவர் மருத்துவரைத் தேர்வது மற்றொன்று. முன்னதை அளித்துப் பின்னதைப் பறிக்க முற்படுவதே இந்தப் போட்டியின் போக்கு.

காப்பீட்டாளர்களை அரசின் விதிகளுக்குள் நிறுத்தி ஒருவரோடொருவர் மோதவிடும் முறைக்கு ‘நெறிப்படுத்தப்பட்ட போட்டி’ என்று பெயர். அமெரிக்கப் பொருளியலறிஞர் ஆலன் என்தோவன் வகுத்த இக்கருத்தின் சாயல், அந்நாட்டு அரசு அமைத்த டெக்கர் குழு 1987இல் அளித்த அறிக்கை வழியாக நெதர்லாந்தின் கொள்கையில் நுழைந்து, 2006 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் முழு உருவம் பெற்றது. அதுவரை மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பொதுக் காப்பீட்டு அமைப்புகளான நோய் நிதியங்களிலும் ஏனையோர் பெரும்பாலும் தனியார் காப்பீட்டிலும் பிரிந்திருந்தனர். புதிய சட்டம் அப்பிளவை நீக்கியது.

அச்சட்டம் விளைத்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. விண்ணப்பிக்கும் எவரையும் அடிப்படைக் காப்பீட்டில் சேர்க்க நிறுவனம் மறுக்கக் கூடாது. ஒரே திட்டத்துக்கு முதியவரிடமும் இளைஞரிடமும் ஒரே சந்தாவையே பெற வேண்டும். அடிப்படைச் சிகிச்சைகள் எவை என்பதை அரசே வரையறுக்கும். நோயாளிகளை மிகுதியாகக் கொண்ட நிறுவனத்துக்குப் பொது நிதியிலிருந்து ஈட்டுத்தொகை கிடைக்கும். இவற்றுள் எது போட்டி ஈன்ற பிள்ளை? ஒவ்வொன்றும் போட்டியின் கையைக் கட்டுவதற்கென்றே இயற்றப்பட்ட விதியாக இருக்க, அவற்றின் பயனைப் போட்டியின் கணக்கில் எழுதுவது, வேலி காத்த பயிருக்கு வெள்ளாட்டைப் பாராட்டுவதாகும்.

நிறுவனத்தை மாற்றும் உரிமையையேனும் எல்லோரும் ஒன்றுபோல் பயன்படுத்துகின்றனரா? முதலாண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மாறினர். பின்னர் ஆண்டுதோறும் மாறுவோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு, அவர்களுள்ளும் இளையோரும் நலமுள்ளோருமே மிகுதி. அடிப்படைக் காப்பீட்டுக்கு மேலாகப் பெறும் துணைக் காப்பீட்டில் புதிய நிறுவனம் விண்ணப்பத்தை மறுக்கலாம் என்பதால், நாட்பட்ட நோயுடையோர் இருக்குமிடத்தை விட்டு அசைய அஞ்சுகின்றனர். சிகிச்சைச் செலவில் காப்பீடு தொடங்குமுன் வயதுவந்தவர் தாமே செலுத்த வேண்டிய ‘தன்பொறுப்புத் தொகை’ 2008இல் 150 யூரோவாகத் தொடங்கி 2016இல் 385 யூரோவானது. இதற்குமேல் இன்னும் 500 யூரோவரை தாமாக ஏற்போருக்குச் சந்தா குறையும் என்பது நலமுள்ளவருக்கு ஆதாயம். ஆண்டுதோறும் மருத்துவமனைக்குச் செல்பவருக்கோ எட்டாத சலுகை.

மருத்துவரைத் தேரும் உரிமை பட்ட பாடு இதனினும் தெளிவான சான்று. காப்பீட்டாளர் தமக்கு ஏற்ற மருத்துவமனைகளோடு மட்டும் ஒப்பந்தம் செய்யலாம். ஒப்பந்தத்துக்கு வெளியே செல்லும் நோயாளிக்கும் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டத்தின் 13ஆம் பிரிவு தரும் காப்பு. அத்தொகை நோயாளியைத் தடுத்து நிறுத்துமளவுக்குக் குறையக் கூடாது என்று 2014இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே, அந்தக் காப்பைத் தளர்த்துவதற்குச் சுகாதார அமைச்சர் எடித் ஸ்கிப்பர்ஸ் கொண்டுவந்த மசோதாவை, ஆளுங்கூட்டணியைச் சேர்ந்த தொழிற்கட்சியின் உறுப்பினருள் மூவர் எதிர்த்து வாக்களித்ததால், நாடாளுமன்ற மேலவை தோற்கடித்தது; கூட்டணியே ஆட்டங்கண்டது. நோயாளியின் தேர்வை வளர்ப்பதாகப் புறப்பட்ட முறை, எட்டே ஆண்டுகளில் அந்தத் தேர்வையே சிக்கனத்துக்குத் தடையென்று கண்டது.

ஒப்பந்த அதிகாரம் இல்லையேல் செலவு கட்டுக்கடங்காது என்பர் எதிர்த்தரப்பினர். செலவைக் கட்டுப்படுத்துவது நேரிய நோக்கமே. ஆனால் அதனை நோயாளியின் விடுதலை என்று பெயரிட்டு அழைப்பது நேர்மையாகாது. எந்த மருத்துவமனை தகுதியற்றது என்பதைத் தரத்தின் அடிப்படையில், காரணங்களை வெளியிட்டு, மக்களுக்குப் பதில் சொல்லும் பொது அமைப்பு முடிவு செய்யட்டும். சந்தாக் கணக்கைப் பார்க்கும் நிறுவனத்தின் கையில் அம்முடிவு இருத்தலாகாது. போட்டியை ஏற்கவிருக்கும் எந்த நாடும், சட்டத்தில் கையெழுத்திடும் முன், படுக்கையில் கிடப்பவர் தம் மருத்துவரைத் தேர எவ்வளவு செலுத்த வேண்டியிருக்கும் என்பதை வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும்.