மாட்டுக் கொட்டிலுக்குச் சூரிய வெளிச்சம்

(முகப்பேரில் மாடு வளர்க்கும் ஐக்கிய சங்க அங்கத்தினர்களிடையே செய்த பிரசங்கம்)



பசுவுக்கு வேண்டியவை யாவை என்று வினவினால், தீனி, தண்ணீர், கட்ட இடம் என்று நம்மில் எவரும் தயங்காமல் விடை கூறுவோம். வெளிச்சம் என்று சொல்லுவோர் அரியர். இவ்வூர் வயலும் ஏரிப் பாசனமும் உள்ள கிராமமாயிருந்த காலத்தில் அதைச் சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. காலையில் அவிழ்த்துவிட்ட மாடு பொழுது சாயும்வரை வெளியில் மேய்ந்தது. கொட்டில் இரவுக்கு மட்டுமே ஏற்பட்டது. அது இருட்டாயிருந்ததனால் யாதொரு நஷ்டமும் நேரவில்லை.

இப்பொழுது நிலைமை வேறு. வீட்டுவசதி வாரியத்தின் மனைகளும் அடுக்குமாடி வீடுகளும் வயல்களின்மேல் எழுந்துவிட்டன. அம்பத்தூர் 2011-ஆம் வருஷத்தில் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. தெருவில் திரியும் மாட்டைப் பிடித்து அபராதம் விதிக்கிறார்கள். பாதசாரிகளின் க்ஷேமத்தை உத்தேசித்து அது நியாயமே. ஆனால் இதன் பலனாக, இரவுக்கென்று கட்டிய அதே கொட்டிலில் பசு இப்பொழுது பகலையும் கழிக்கிறது. இரண்டு சுவர்களுக்கு இடையேயுள்ள சந்தில், தாழ்ந்த தகரக் கூரையின்கீழ், நடுப்பகலிலும் விளக்கு ஏற்றினாலன்றி மடி தெரியாத இடங்களில் மாடுகள் நிற்கக் காண்கிறோம். மேய்ச்சலை இழந்ததை நாம் அறிவோம். அதனால் தீனியை விலைக்கு வாங்கிப் போடுகிறோம். மேய்ச்சலோடு வெளிச்சமும் போயிற்று என்பதை மட்டும் கவனியாது விட்டோம். அதற்கோ விலை இல்லை.

இருட்டினால் உண்டாகும் நஷ்டங்களில் முதலாவது, பசு பருவத்திற்கு வருவதைக் காணத் தவறுவது. சினைப்படாத பசு ஏறக்குறைய 21 நாட்களுக்கொருமுறை பருவத்திற்கு வருகிறது. கண்ணாடிபோல் வழியும் கோழையும், உறுப்பின் சிவப்பும் வீக்கமும் வெளிச்சத்தில்தான் புலப்படும். எருமையோ பல சமயங்களில் கத்தாமலே பருவத்தைக் கடத்திவிடும். ஒரு தடவை தவறினால் மூன்று வாரத் தீனி வீண். இரு தடவை தவறினால் ஒன்றரை மாதம். மடிவீக்கத்தின் ஆரம்பத்தில் பாலில் காணும் சிறு திரிகளும், காதுக்குப் பின்னும் தொடையிடுக்கிலும் ஒட்டிய உண்ணியும் அவ்வாறே இருட்டில் தப்பிவிடுகின்றன.

இரண்டாவது, ஈரம். வெயில் படாத தரையில் கோமியம் காய்வதில்லை. குளம்பு அழுகுவதும், படுத்த பசுவின் மடியில் கிருமி ஏறுவதும் அங்கிருந்துதான். சூரிய கிரணம் நுண்கிருமிகளைக் கொல்லும் என்பதை டௌன்ஸ், பிளண்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர் 1877-ஆம் வருஷத்திலேயே பரீக்ஷித்துக் காட்டினர். க்ஷயரோகக் கிருமியும் வெயிலில் மடியும் என்று ராபர்ட் கோக் 1890-இல் பெர்லினில் அறிவித்தார். அந்நோய் மாட்டிடமிருந்து மனிதனுக்குக் காய்ச்சாத பாலின் வழியாகப் பரவக்கூடியது என்பதை இவ்விடத்தில் நினைவூட்டுகிறேன். எனினும் சாணத்தின்மேல் வெயில் பட்டால் மேற்புறம்தான் சுத்தமாகும். அடிப்புறத்திற்குத் துடைப்பமே வேண்டும்.

குளிர் தேசங்களில் நாளொன்றுக்கு 16 முதல் 18 மணி நேரம் வெளிச்சம் கொடுத்தால் கறவை அதிகரிக்கிறதென்று 1970-களிலிருந்து கண்டு எழுதியிருக்கிறார்கள். அதைக் கேட்டு இரவெல்லாம் விளக்கெரிக்க எவரும் முற்படவேண்டாம். ஓய்வுக்கு மாட்டிற்கு இருட்டும் அவசியம். குளிர்காலத்தில் அங்கே பகல் எட்டு மணி நேரத்திற்கும் குறையும். நமக்கோ மார்கழியிலும் பதினொரு மணிக்குக் குறையாத பகல் உண்டு. இவ்வளவு பகலைக் கடவுள் கொடுத்திருக்க, நம் மாடு வடதேசத்துக் குளிர்காலத்தைவிட மோசமான இருளில் நிற்பது விந்தையன்றோ?

"வெளிச்சம் வந்தால் வெயிலும் வருமே" என்று சிலர் ஆக்ஷேபிக்கக்கூடும். இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. கலப்பினப் பசுவும் எருமையும் உஷ்ணத்தைத் தாங்கமாட்டா. எருமைக்குக் கறுத்த தோலும் குறைந்த வேர்வையும். ஆகவே நாம் வேண்டுவது வெளிச்சமேயன்றி வெக்கையன்று. கொட்டிலின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்தால், காலை மாலைச் சாய்வெயில் குறுகிய பக்கங்களில்மட்டும் படும். நீண்ட பக்கங்களில் இடுப்பளவுச் சுவர் போதும், அதற்குமேல் திறந்திருக்கட்டும். தாழ்வாரத்தை நன்றாக நீட்டினால் ஐப்பசி கார்த்திகை மழைச்சாரலும் பெரும்பாலும் உள்ளே வராது.

ஓட்டுக் கூரையாயின் இரண்டொரு கண்ணாடி ஓடு பதிக்கலாம். தகரமாயின் ஒளி ஊடுருவும் தகடு. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. வடபுறக் கூரையில் பதித்தால் வெயில் இறங்காது என்று பிறதேசத்துப் புஸ்தகங்கள் கூறும். நம் சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு நடுப்பகுதிவரை நடுப்பகற் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறான். அக்கினி நக்ஷத்திரமும் அதற்குள் அடங்கும். ஆதலால் வடக்கானாலும் தெற்கானாலும், மாட்டின் முதுகுக்கு நேரே பதியாமல், சாணக்கால்வாய்க்கும் நடைபாதைக்கும் மேலே பதியுங்கள். கோடையில் அதன்மேல் ஒரு கீற்றைப் போட்டு மூடிவிடலாம்.

சந்தில் கட்டுபவர்களுக்குத் திறக்கப் பக்கமே இல்லை என்பதை நான் அறியாதவனல்லன். அவர்கள் சுவருக்கும் கூரையின் உட்புறத்திற்கும் சுண்ணாம்பு அடிக்கட்டும். வருகிற சொற்ப வெளிச்சமும் இரட்டித்தாற்போல் தோன்றும், சுண்ணாம்பு கிருமிநாசினியுமாகும். போதுமா என்று அறியக் கருவி வேண்டியதில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குக் கொட்டிலின் நடுவில் நின்று பஞ்சாங்கத்தின் சிற்றெழுத்தை வாசித்துப் பாருங்கள்.

கன்றுகளின் விஷயம் தனி. எலும்பு உறுதிக்கு வேண்டிய டி வைட்டமினை வெயில் தோலில் உண்டாக்குகிறது. ஆனால் அதற்குரிய கிரணத்தைக் கண்ணாடி தடுத்துவிடும். ஆகையால் கண்ணாடி ஓட்டை நம்பிக் கன்றை உள்ளேயே வைத்திராமல், காலை ஒன்பது மணியளவில் சற்று நேரம் முற்றத்திலோ மாடியிலோ கட்டுங்கள். கறந்த பாலுக்கு இதற்கு நேர்மாறான விதி: வெயிலில் வைத்த பால் சுவை கெடும், அதிலுள்ள ரைபோஃபிளேவின் என்னும் சத்தும் அழியும். பால் கேனை நிழலிலேயே கொண்டுவாருங்கள்.

மழைக்காலத்திற்குமுன் சுண்ணாம்பும் கண்ணாடி ஓடும் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கினால் சில்லறை விலையில் கணிசமான பணம் மிஞ்சும். எத்தனை மாடு, எத்தனை அடிச் சுவர் என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்திற்கு எழுதிக்கொண்டு வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.